மாணவர் பட்ஜெட்டில் முதல் ஏர் பிஸ்டல்: எதை வாங்கலாம், எதை விட்டுவிடலாம்

சட்டத்தை முதலில் முடித்துவிடுகிறேன். துப்பாக்கி சுடும் ரேஞ்சுக்குப் புதிதாக வருகிற காலேஜ் பிள்ளைகள் எல்லோரும் முதலில் கேட்பது அதைத்தான்: "அண்ணா, இதுக்கு லைசென்ஸ் வேணுமா?" தோட்டா போட்டுச் சுடும் எந்தக் கைத்துப்பாக்கியாக இருந்தாலும், குழல் அளவு 0.22 அங்குலமே உள்ள சின்னது ஆனாலும், வேண்டும். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது, சொந்த லைசென்ஸுக்கு வயது 21 ஆகியிருக்கவும் வேண்டும். கலெக்டர் ஆபீஸ், போலீஸ் விசாரணை என்று அது ஒரு தனிப் பயணம், படிக்கிற காலத்தில் அதில் இறங்க வேண்டிய அவசியமே இல்லை. 0.22 சுட்டே ஆக வேண்டும் என்று கை அரித்தால் கிளப்பில் உறுப்பினராகி, கிளப் துப்பாக்கியில், கிளப் தோட்டாவில், அங்கேயே சுட்டுவிட்டு வரலாம். காற்றுத் துப்பாக்கி வேறு கதை. 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி 0.177 அங்குலக் குழல் அளவுக்குள், 20 ஜூல் ஆற்றலுக்குள் இருக்கிற ஏர் பிஸ்டலுக்கு லைசென்ஸ் தேவையில்லை. போட்டிக்கான ஏர் பிஸ்டல் அரை கிராமுக்குச் சற்று மேலான ஒரு ஈயக் குண்டை விநாடிக்குச் சுமார் 150 மீட்டர் வேகத்தில் தள்ளுகிறது. கணக்குப் போட்டால் 6 ஜூல்தான் வரும், வரம்பில் மூன்றில் ஒரு பங்கு கூட இல்லை. கடையில் வயதுச் சான்றும் அடையாள அட்டையும் கேட்பார்கள், கொடுத்துவிடுங்கள், பில்லைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

அதனால் மாணவருக்கு முதல் கைத்துப்பாக்கி என்று நான் இங்கே பேசுவது 10 மீட்டர் ஏர் பிஸ்டலை மட்டும்தான். பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் வெண்கலம் வாங்கினாரே, அதே விளையாட்டு.

விளையாட்டின் அளவுகள் தெரியாமல் கடைக்குப் போனால் கடைக்காரர் சொல்வதுதான் வேதம் என்று ஆகிவிடும், அதனால் கொஞ்சம் எண்கள். 10 மீட்டர் தூரம், ஒரே கையில் பிடித்துச் சுட வேண்டும், இன்னொரு கையால் எந்தத் தாங்கலும் கூடாது. பத்து மதிப்பெண் தரும் வட்டத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டர், அதாவது சட்டைப் பொத்தான் அளவு. அடுத்த ஒவ்வொரு வளையமும் 8 மில்லிமீட்டர் அகலம். துப்பாக்கியின் எடை 1500 கிராமைத் தாண்டக் கூடாது, ட்ரிக்கர் 500 கிராமுக்குக் குறைவான இழுப்பில் விழக் கூடாது. தகுதிச் சுற்றில் 60 ஷாட், எலக்ட்ரானிக் டார்கெட் என்றால் 75 நிமிடம்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. குறி பார்க்க உதவும் முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் நடுவே சுமார் 32 சென்டிமீட்டர் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முன் சைட் ஒரே ஒரு மில்லிமீட்டர் பக்கவாட்டில் விலகி நின்றால் 10 மீட்டரில் குண்டு 31 மில்லிமீட்டர் தள்ளி விழும். மூன்று வளையம் காலி, பத்தாக இருந்திருக்க வேண்டியது ஏழாகிவிடும். ஆனால் கை முழுக்க, சைட்டுகள் ஒன்றோடு ஒன்று கோணம் மாறாமல், அப்படியே பக்கத்தில் 5 மில்லிமீட்டர் ஆடினால் குண்டும் 5 மில்லிமீட்டர்தான் ஆடும், அந்த ஷாட் பத்துக்குள்ளேயே விழும். கை ஆடுவதைப் பற்றிப் புதியவர்கள் படுகிற கவலை பாதிக்கு மேல் வீண். மணிக்கட்டு முறியாமல், ட்ரிக்கரை இழுக்கும்போது சைட் குலையாமல் இருப்பதுதான் மொத்த விளையாட்டும். ஆகவே பணம் போக வேண்டிய இடம் இரண்டு: உங்கள் கைக்குப் பொருந்துகிற கிரிப், திடுக்கென்று விழாத ட்ரிக்கர். பேரல் துல்லியம், பிராண்டு, கலர், சிலிண்டரில் நாலு பட்டன் இருப்பது எல்லாம் அதற்குப் பிறகு.

எதையும் வாங்குவதற்கு முன் ஒரு சீசன் கிளப் துப்பாக்கியில் சுடுங்கள். சென்னை, கோவை, மதுரை, திருச்சி என்று பெரிய ஊர்களில் ரைபிள் கிளப்புகள் இருக்கின்றன, அது போகத் தனியார் அகாடமிகளும் நிறைய முளைத்துவிட்டன. கிளப் பிஸ்டல் அடி வாங்கியதாகத்தான் இருக்கும், காலையில் சுட்டவர் சைட்டைத் தன் கண்ணுக்குத் திருப்பி வைத்துவிட்டுப் போயிருப்பார், கிரிப் யாரோ ஒரு பெரிய கைக்காரருக்காகச் செதுக்கியதாக இருக்கும். எரிச்சல்தான். இருந்தாலும் வெவ்வேறு பிஸ்டல்களைக் கையில் எடுத்துப் பார்க்க அதைவிட மலிவான வழி கிடையாது, உங்கள் கை எஸ் அளவா எம் அளவா என்பது அங்கேதான் தெரியும். முதல் மாதத்திலேயே அப்பாவிடம் அடம்பிடித்து வாங்கி, மூன்றாம் மாதம் ரேஞ்சுக்கு வருவதையே நிறுத்தியவர்களின் பிஸ்டல்கள்தான் பிற்பாடு நமக்கு செகண்ட் ஹேண்டில் வருகின்றன என்பதையும் சொல்லிவிடுகிறேன், அவர்களுக்கு நன்றி.

சரி, சாமான்களுக்கு வருவோம்.

ஆன்லைனில் தேடினால் முதலில் வந்து விழுவது ஸ்பிரிங் பிஸ்டல்கள். பத்தாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும், பார்க்க முரட்டுத்தனமாக, கையில் கனமாக இருக்கும். பேரலையோ மேல் பாகத்தையோ மடக்கி உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கை இறுக்க வேண்டும். ட்ரிக்கரை விட்டதும் ஒரு கனமான பிஸ்டன் முன்னால் பாய்ந்து காற்றை அமுக்கி, முட்டி நிற்கும், குண்டு அப்போதும் பேரலுக்குள்தான் இருக்கும். அதாவது குண்டு வெளியே போவதற்கு முன்னாலேயே துப்பாக்கி இரண்டு தடவை குலுங்கிவிடுகிறது. இரண்டு கையால் பிடித்தாலே சிரமம், ஒரு கையில் இதைக் கட்டுப்படுத்தக் கற்றுக்கொள்வதற்குள் மணிக்கட்டில் வேண்டாத பழக்கங்கள் எல்லாம் ஏறிவிடும். போதாக்குறைக்கு ட்ரிக்கர் இழுப்பு கிலோக்கணக்கில் இருக்கும், இழுப்பின் இரண்டாம் கட்டம், அதாவது இறுக்கம் கூடி ட்ரிக்கர் விழப்போகும் இடம், எங்கே தொடங்குகிறது என்றே விரலுக்குத் தெரியாது. மொட்டை மாடியில் டப்பா சுட்டு விளையாட இது போதும், ஆனால் போட்டி என்று மனதில் ஒரு ஓரத்திலாவது எண்ணம் இருந்தால் இந்தப் பத்தாயிரத்தைத் தொடாமல் வையுங்கள். விதிவிலக்கு ஒன்றே ஒன்று உண்டு: 1960-களில் ஜெர்மனியில் வந்த ஃபெயின்வெர்க்பாவ் 65. அதுவும் ஸ்பிரிங்தான், ஆனால் சுடும் நேரத்தில் மேல் பாகம் தண்டவாளத்தில் போவது மாதிரி பின்னால் வழுக்கிக் குலுக்கலை விழுங்கிவிடும். அரை நூற்றாண்டு பழைய துண்டு இன்றும் பத்துப் போடும். எங்காவது பழைய உறுப்பினர் ஒருவரின் பீரோவில் இருந்து வெளியே வந்தால், காற்று கசியாமல் அடைக்கும் சீல் நன்றாக இருந்தால், யோசிக்காமல் வாங்கலாம்.

அடுத்து கார்பன்-டை-ஆக்சைடு பிஸ்டல்கள். இவற்றில் பெரும்பாலானவை நிஜத் துப்பாக்கி போலவே தோற்றம் கொண்டவை, இரும்புக் குண்டு சுடுபவை, பேரலுக்குள் குண்டைச் சுழற்றி நேராக அனுப்பும் சுழல் வரிகளே இருக்காது. குறி பார்த்துச் சுடும் விளையாட்டுக்கு இது பொம்மை. ரேஞ்சிலும் இரும்புக் குண்டை விடமாட்டார்கள், பட்ட வேகத்தில் திரும்பித் தெறிக்கும். பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் போகும்போது யாராவது பார்த்துவிட்டால் அப்புறம் ஸ்டேஷனில் உட்கார்ந்து லைசென்ஸ் விதி விளக்க வேண்டியிருக்கும். சுழல் வரி உள்ள, ஈயக் குண்டு சுடும் நல்ல கார்பன்-டை-ஆக்சைடு பிஸ்டல்களும் இருக்கின்றன, ஒரு காலத்தில் ஒலிம்பிக் அளவிலேயே அவைதான் இருந்தன. பிரச்சினை என்னவென்றால் அந்த வாயுவின் அழுத்தம் வெப்பநிலையோடு ஏறி இறங்கும். மே மாதத்து மத்தியானம் தகரக் கூரை ரேஞ்சில் ஒரு வேகம், ஏசி போட்ட ரேஞ்சில் ஒரு வேகம், வேகமாக அடுத்தடுத்துச் சுட்டால் வாயு குளிர்ந்து இன்னொரு வேகம். குண்டு விழும் உயரம் மாறிக்கொண்டே இருக்கும், நீங்கள் உங்கள் கையைச் சந்தேகப்பட்டுக்கொண்டே இருப்பீர்கள். அதோடு சிறு சிலிண்டர் வாங்கி மாளாது. வேண்டாம்.

இனி எனக்குப் பிடித்த வகை. ஒரே தடவை லீவரை இழுத்து மூடினால் ஒரு ஷாட்டுக்கான காற்று உள்ளே அடைபடும், அவ்வளவுதான். ஸ்பிரிங் கிடையாது, சிலிண்டர் கிடையாது, குலுக்கல் ஏறக்குறைய கிடையாது. ஒவ்வொரு தடவையும் அதே அளவு காற்று என்பதால் வேகமும் ஒரே சீராக இருக்கும். இதில் ஏழைகளின் ராஜா என்றால் ரஷ்யாவின் இஷெவ்ஸ்க் நகரத்து ஆலையில் இருந்து வந்த பைகால் இஷ் 46எம். அழகு என்று சொல்ல ஒன்றுமில்லை. டிராக்டர் உதிரிபாகம் மாதிரி இருக்கும், முன்பாரம் அதிகம், மரப்பிடியை அரம் வைத்து நாமே சரிசெய்ய வேண்டும். ஆனால் அந்தப் பேரலும் ட்ரிக்கரும் இந்த வகைக்கு மீறிய தரம். ட்ரிக்கரில் முதல் கட்டம், இரண்டாம் கட்டம், நிற்கும் இடம் என்று எல்லாவற்றையும் திருகித் திருகி மாற்றலாம், காற்றும் குண்டும் இல்லாமல் ட்ரிக்கரை மட்டும் இழுத்துப் பழகும் ட்ரை ஃபயரும் செய்யலாம். பெயரில் எம் இல்லாத பழைய 46-ம் உண்டு, அதன் காற்றறை சிறியது, வேகம் கொஞ்சம் குறைவு. எம்மே பார்த்து வாங்குங்கள். புதிதாகக் கிடைப்பது அரிது, செகண்ட் ஹேண்டில் வந்தால் ஒரே ஒரு சோதனை போதும்: லீவரை மூடிவிட்டு ஐந்து நிமிடம் கீழே வையுங்கள், பிறகு சுடுங்கள். சத்தம் வழக்கம் போல இருந்தால் சீல் நன்றாக இருக்கிறது. காற்று கசிந்து புஸ் என்று போனால் ஓ-ரிங் என்கிற ஒரு ரப்பர் வளையம் செலவு, அதைச் சொல்லி விலையைக் குறையுங்கள்.

இதே வகையில் இத்தாலியின் கியாப்பா ஃபாஸ் 6004, ஜெர்மனியின் வைராவ் எச்டபிள்யூ 40, ஸ்பெயினின் கேமோ காம்பாக்ட் என்று சிலது உண்டு. 6004 இலேசானது, பேரல் கைக்கு ரொம்பப் பக்கத்தில் தாழ்வாக இருப்பதால் சுட்டதும் மேலே எகிறாது, மெலிந்த மணிக்கட்டு உள்ளவர்களுக்கு நல்ல தேர்வு. காம்பாக்டை முதல் பழக்கத்துக்கு என்று சொல்லலாம், ட்ரிக்கர் கொஞ்சம் இழுவை, ஆனால் போட்டி பாணி மரப்பிடி இருக்கிறது. எச்டபிள்யூ 40 பிளாஸ்டிக் உடம்போடு சர்வீஸ் பிஸ்டல் தோற்றத்தில் இருக்கும், சுட இனிமையானது, ஆனால் உள்ளங்கையைத் தாங்கும் தட்டு இல்லாததால் ஒரு கைப் போட்டிக்குப் பழக உதவாது.

லீவர் வகையின் குறையையும் சொல்ல வேண்டும். 60 ஷாட் மாட்ச், அதற்கு முன் கணக்கில் சேராத பழகு ஷாட்களான சைட்டர் என்றால் எண்பது தடவை போல இழுத்து மூட வேண்டும். அதுவும் சுடுகிற அதே கை வேலை செய்து, பிறகு அதே கை அசையாமல் நிற்க வேண்டும். பதினைந்து வயதுப் பெண் பிள்ளைகள் சிலருக்கு மாட்ச்சின் கடைசிக் கால் பாகத்தில் தோள் விட்டுப்போவதைப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு ஷாட்டுக்கும் பிடியைக் கலைத்து மறுபடி பிடிப்பதும் சீரைக் கெடுக்கும். கிளப் அளவிலும் மாவட்ட அளவிலும் இது பெரிய தடை இல்லை. மாநிலப் போட்டியில் தகுதி மதிப்பெண்ணைத் துரத்தத் தொடங்கும்போதுதான் உறுத்தும்.

அங்கே வருவது பிசிபி, அதாவது அமுக்கிய காற்றை முன்கூட்டியே நிரப்பிவைத்துச் சுடும் வகை. சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் காற்று, ரெகுலேட்டர் ஒவ்வொரு ஷாட்டுக்கும் ஒரே அளவு விடும், ஒரு தடவை நிரப்பினால் ஒரு முழு மாட்ச்சும் பயிற்சியும் போக மீதம் இருக்கும். ஸ்டெயர், மொரினி, வால்தர், ஃபெயின்வெர்க்பாவ், பார்தினி, இவை ஐந்தும்தான் உலகப் போட்டி வரிசையில் மாறி மாறித் தெரியும் பெயர்கள். புதிது என்றால் எல்லாமே லட்சத்தைத் தாண்டும், யூரோவும் சுங்க வரியும் ஆடுகிற ஆட்டத்தில் போன வருட விலையைச் சொல்லிப் பயனில்லை. மாணவர் பட்ஜெட் என்ற தலைப்புக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சம்பந்தம் செகண்ட் ஹேண்ட்தான்.

மாட்ச் பிஸ்டல் பழசானால் பெரிதாகக் கெடுவதில்லை. ஈயக் குண்டு இந்த வேகத்தில் பேரலைத் தேய்ப்பது மிகக் குறைவு, தேய்வது சீல்கள்தான், அவற்றை மாற்றிக்கொள்ளலாம். நேஷனல் லெவல் சுடுபவர்கள் புது மாடல் வந்ததும் மாறுவார்கள், அவர்கள் விடுகிற ஸ்டெயர் எல்பி10, மொரினி சிஎம் 162, அதற்கும் பழைய வால்தர்கள் எல்லாம் இன்னும் இருபது வருடம் நமக்கு உழைக்கும். இருபது, முப்பது ஆயிரத்துக்கு ஒரு புதுச் சீன பிசிபி பிஸ்டல் வாங்குவதா, வீட்டில் இன்னும் கொஞ்சம் கேட்டுப் பழைய ஐரோப்பிய மாட்ச் பிஸ்டல் வாங்குவதா என்றால் என் ஓட்டு கண்ணை மூடிக்கொண்டு இரண்டாவதற்கு. சீனத்து மலிவு பிசிபிகள் சுடுவது மோசமில்லை, கைப்பிடியும் ட்ரிக்கரும்தான் இந்த விளையாட்டுக்காக வடிவமைத்தவை அல்ல. இரண்டு வருடத்தில் விற்கப் போனால் கேட்க ஆள் இருக்காது. எல்பி10-ஐ எப்போது விற்றாலும் வாங்க வரிசை நிற்கும்.

பழைய பிசிபி பார்க்கப் போகும்போது முதலில் சிலிண்டரைத் திருப்பித் தேதியைப் பாருங்கள். தயாரித்த நாளிலிருந்து 10 ஆண்டுதான் சிலிண்டருக்கு ஆயுள் என்று உற்பத்தியாளர்கள் குறிக்கிறார்கள், அது தாண்டியிருந்தால் புதுச் சிலிண்டர் விலையை மொத்தக் கணக்கில் சேர்த்துப் பேசுங்கள். 200 பார் என்பது கார் டயரின் அழுத்தத்தைப் போல நூறு மடங்கு ஓரம் வரும், அதில் சிக்கனம் பார்க்கக் கூடாது. அடுத்து, சிலிண்டரை மாட்டி, முனையில் இருக்கும் அழுத்தமானியைப் படம் எடுத்துக்கொண்டு, முடிந்தால் ஒரு ராத்திரி விட்டு மறுநாள் பாருங்கள். முள் இறங்கியிருந்தால் கசிவு. கிளப்பில் வேகம் அளக்கும் கருவி இருந்தால் பத்து ஷாட் சுட்டுப் பாருங்கள், ரெகுலேட்டர் நன்றாக இருந்தால் எண்கள் ஒன்றுக்கொன்று மிக நெருக்கமாக வரும், எகிறி இறங்கினால் ரெகுலேட்டர் வேலை இருக்கிறது. ட்ரிக்கர் எடையை 500 கிராம் எடைக்கல் தொங்கவிட்டுச் சோதியுங்கள். சைட் திருகுகள் சொடுக்குச் சொடுக்காக நகர்கின்றனவா, மொழுக்கென்று சுற்றுகின்றனவா பாருங்கள். கடற்கரை ஊர்களில் இருந்து வரும் துண்டுகளில் திருகுகளும் நிரப்பும் அடாப்டரும் துருப்பிடித்திருக்கும், அதையும் கவனியுங்கள்.

காற்று நிரப்புவது தனிச் செலவு என்பதை யாரும் முதலில் சொல்வதில்லை. கிளப்பில் பெரிய டாங்க் இருந்தால் கவலை இல்லை. இல்லையென்றால் கைப்பம்பு வாங்க வேண்டும். சிலிண்டர் சிறியது என்பதால் கைப்பம்பால் முடியாத காரியமில்லை, வியர்க்கும். சென்னை, தூத்துக்குடி மாதிரி ஈரக் காற்று ஊர்களில் பம்பு அடிக்கும்போது ஈரமும் சேர்ந்து உள்ளே போகும், அது சிலிண்டருக்கும் சீலுக்கும் ஆகாது. ஈரம் உறிஞ்சும் வடிகட்டி உள்ள பம்பாக வாங்குங்கள், நடுநடுவே நிறுத்தி ஆறவிட்டு அடியுங்கள்.

எலக்ட்ரானிக் ட்ரிக்கரா, மெக்கானிக்கலா? மொரினி 162-இல் இரண்டும் உண்டு, எலக்ட்ரானிக் வகைதான் நம் ரேஞ்சுகளில் அடிக்கடி கண்ணில் படுகிறது. விரல் பட்டதும் கண்ணாடி உடைவது போல விழும், அந்தச் சுகம் அலாதி. ஆனால் பாட்டரி, சர்க்கிட் என்று கெட்டுப்போக இன்னும் இரண்டு விஷயங்கள் கூடுகின்றன, பழுது பார்க்கத் தெரிந்தவர் உங்கள் ஊரில் இருப்பார் என்ற உத்தரவாதமும் இல்லை. 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக் தகுதிச் சுற்றில் மனு பாக்கரின் பிஸ்டல் நடுவில் பழுதாகி, அதைச் சரிசெய்யப் போய் நேரம் கரைந்து, 575 மதிப்பெண்ணோடு 12-ஆவது இடத்தில் நின்றதை மறக்க முடியாது. முதல் எட்டுப் பேருக்குத்தான் இறுதிச் சுற்று. அவரைச் சுற்றி ஒரு கோச் படையே இருந்தும் அந்தக் கதி. உதிரிப் பிஸ்டல் இல்லாத மாணவருக்கு மெக்கானிக்கல் ட்ரிக்கர்தான் நிம்மதி. ஸ்டெயர் எல்பி10 மெக்கானிக்கல் ட்ரிக்கரை விரல் நுனியில் எலக்ட்ரானிக்கிலிருந்து பிரித்துச் சொல்ல நிறையப் பேரால் முடியாது, நான் உட்பட. எல்பி10-க்குள் சுடும்போது எதிர்த்திசையில் நகர்ந்து அதிர்வைக் குறைக்கும் ஒரு சிறு எடை இருக்கிறது, அது இல்லாத எளிய மாடல் எல்பி2. விலை குறைவாக எல்பி2 வந்தால் தாராளமாக எடுக்கலாம், ஆரம்பத்தில் அந்த வித்தியாசம் ஸ்கோரில் தெரியாது.

கிரிப் பற்றி ஏற்கெனவே சொன்னேன், இன்னும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். மாட்ச் கிரிப் வலது, இடது என்று தனித்தனி, எஸ், எம், எல் என்று அளவுகள். எடுத்துப் பிடித்துக் கண்ணை மூடிக் கையை நீட்டி, பிறகு கண்ணைத் திறந்தால் முன் சைட் பின் சைட்டின் நடுவில் தானாகவே நிற்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் ஒரே பக்கம் ஒதுங்கி நின்றால் கிரிப் உங்களுடையது இல்லை. சின்னதாக இருந்தால் மரப் புட்டி பூசி வளர்க்கலாம், பெரிதாக இருந்தால் உப்புத்தாளால் தேய்க்கலாம், இதற்கு நல்ல தச்சர் தேவையில்லை, பொறுமை போதும். ஒரு டீலரிடம், பெயர் வேண்டாம், எஸ் கிரிப் என்று எழுதிக் கொடுத்து முன்பணமும் கட்டியிருந்தேன், வந்தது எல். "சார், தேய்ச்சுக்கலாம் சார்" என்று பதில். எல்-ஐ எஸ் ஆக்கத் தேய்த்தால் கிரிப்பே மிஞ்சாது. மாற்றித் தர மூன்று மாதம் இழுத்தார்கள். அதனால் கிரிப் அளவை பில்லில் எழுதி வாங்குங்கள், பெட்டியைக் கடையிலேயே பிரித்துப் பிடித்துப் பாருங்கள்.

பெல்லட்டுக்கு, அதாவது ஈயக் குண்டுக்கு வருகிறேன், மாணவர் பட்ஜெட் உண்மையில் உடைவது இங்கேதான். போட்டிக்குத் தட்டை மூக்கு ஈயக் குண்டு, அட்டையில் வட்டமாக வெட்டினாற்போல ஓட்டை போடும், மதிப்பெண் எண்ண வசதி. எச்&என் ஃபினாலே மாட்ச், ஆர்டபிள்யூஎஸ் ஆர்10, சீனத்து கியாங் யுவான் ஆகியவை தெரிந்த பெயர்கள், டப்பாவுக்கு 500 வரும். வாரம் மூன்று நாள், நாளுக்கு எண்பது ஷாட் என்றால் இரண்டு வாரத்துக்கு ஒரு டப்பா, வருடத்துக்கு 25 டப்பா. டப்பா ஆயிரம் ரூபாய் என்று வைத்தால் கூட இருபத்தைந்தாயிரம். ரேஞ்ச் கட்டணம், டார்கெட் அட்டை, பஸ் காசு தனி. துப்பாக்கிக்கு மொத்தக் காசையும் கொட்டிவிட்டு, பெல்லட் வாங்க வழியில்லாமல் வாரம் ஒரு நாள் வந்து இருபது ஷாட் சுட்டுவிட்டுப் போகிற பிள்ளைகளைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது. கையில் இருக்கும் தொகையில் மூன்றில் ஒரு பங்கை முதலிலேயே பெல்லட்டுக்கு ஒதுக்கிவிட்டு மீதிக்குத் துப்பாக்கி தேடுங்கள். பயிற்சிக்கு மலிவான ஆர்டபிள்யூஎஸ் ஹாபி போதும், 10 மீட்டரில் அதற்கும் மாட்ச் பெல்லட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை 600-க்கு 540-க்குக் கீழே சுடும் கை கண்டுபிடிக்காது. குண்டின் தலை அளவு 4.49 மில்லிமீட்டரா 4.50-ஆ என்ற ஆராய்ச்சியும் அப்படியே, பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இதைவிடச் சிக்கனம் வீட்டில் செய்யும் ட்ரை பிராக்டிஸ். வெள்ளைச் சுவர், ட்ரை ஃபயர் வசதி உள்ள பிஸ்டல், பெல்லட் இல்லை, காற்று இல்லை, செலவும் இல்லை. ஹாஸ்டலில் இருப்பவர்கள் மட்டும் வார்டனிடம் முன்கூட்டியே சொல்லி எழுத்தில் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள், கிடைக்காவிட்டால் கிளப் லாக்கரில் வைத்துவிட்டு வருவதுதான் சரி. சுவருக்கு அந்தப் பக்கம் ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும், உள்ளே குண்டு இல்லை என்று பேரலைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும், பார்க்காமல் ஒரு தடவை கூட கிடையாது. சேஃப்டி ஃப்ளாக், அதாவது பேரல் முழுக்கப் போகும் அந்தப் பளிச் நிறக் கயிறு, சில ரூபாய்தான், ரேஞ்சில் அது இல்லாமல் பெட்டியைத் திறக்கவே விடமாட்டார்கள். ஈயம் தொட்ட கையால் பஜ்ஜி எடுக்காதீர்கள், முதலில் சோப்பு.

சுடுவதற்கென்று விற்கும் தனிக் கண்ணாடி, ஷூ, சென்சார் கருவி இவையெல்லாம் முதல் வருடத்துக்கு வேண்டாம். பவர் கண்ணாடி போட்டவர்கள் முன் சைட் கூர்மையாகத் தெரிகிறதா என்று மட்டும் கண் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், டார்கெட் மங்கலாகத் தெரிந்தால் பரவாயில்லை, அப்படித்தான் தெரிய வேண்டும். பாரிஸில் துருக்கியின் யூசுஃப் டிகெச் சாதாரணக் கண்ணாடியோடு, பாக்கெட்டில் கையை விட்டுக்கொண்டு வெள்ளி வாங்கிய படம் வந்த பிறகு, கருவியே வேண்டாம் என்று ஒரு கோஷ்டி கிளம்பியது. பாக்கெட்டில் கை விடுவது எல்லோரும் செய்வதுதான், தொங்கும் கை உடம்பை ஆட்டாமல் இருக்க. அவர் கையில் இருந்த பிஸ்டலும் முழு மாட்ச் பிஸ்டல்தான், சுடுபவர்கள் மாட்டுகிற தனி லென்ஸைத்தான் அவர் விட்டார்.

ஆக என் வரிசை இப்படி: கையில் பணமே இல்லையென்றால் கிளப் துப்பாக்கியும் சொந்தமாக ஒரு டப்பா பெல்லட்டும். கொஞ்சம் இருந்தால் பழைய இஷ் 46எம் அல்லது அதன் உறவுக்காரர்கள். வீட்டில் உதவி கிடைத்தால், அல்லது மாநில அளவில் ஸ்கோர் வரத் தொடங்கிவிட்டால், மெக்கானிக்கல் ட்ரிக்கர் உள்ள பழைய எல்பி10, எல்பி2, மொரினி. தெரிந்த கிளப் சீனியரிடம், செயலாளருக்குத் தெரிந்து, சீரியல் நம்பர் எழுதிய ரசீதோடு வாங்குங்கள். முகம் தெரியாத வாட்ஸ்ஆப் குழு ஆளுக்கு முன்பணம் அனுப்பாதீர்கள்.

இடது கைக்காரர்களுக்கு மட்டும் ஒன்று. இடது கிரிப்போடு பழைய பிஸ்டல் விற்க வந்தால் வாங்க ஆள் கிடைக்காமல் மாதக்கணக்கில் கிடக்கும், விலையில் நன்றாகவே பேரம் பேசலாம். வரவே இல்லையென்றால் வலது கை பிஸ்டலை வாங்கி, கிரிப்பை மட்டும் தனியாகத் தருவித்துக்கொள்ளுங்கள். லோடிங் லீவர் எந்தப் பக்கம் திறக்கிறது என்று மட்டும் முன்பே பார்த்துவிடுங்கள்.